மூக்கைக் கழுவாத மகாராஜா

ஜூன் 9

என் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய மருமகளே, ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் அதட்டி வேலை வாங்கும் இன்ஸ்பெக்டரம்மா அவர்களே,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பப்போவதில்லை. நீ நம்பமாட்டாய். என்னோடு கூடப் பிறந்த பாவத்துக்கு இன்றுவரை தலையில் அடித்துக்கொண்டிருக்கும் உன் அம்மா நம்பவே மாட்டாள். இருந்தாலும் என் இரண்டு நாசித் துவாரங்கள் மீதும் சத்தியம் செய்து சொல்கிறேன்: அத்தனையும் நடந்தது.

முதலில் ஆப்பரேஷன். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். மயக்கத்தில் கிடந்த எனக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட உனக்குத் தெரியாது. மூக்கு டாக்டரம்மா விளக்கு வைத்த குழாயை என் வலது துவாரத்துக்குள் விட்டார். போனது போனதுதான், திரும்பி வரவில்லை. உள்ளே மண்டபம் மண்டபமாக இருக்கிறதாம். மண்டபத்துக்கு மண்டபம் பழைய கோந்து மாதிரி, மரப்பிசின் மாதிரி, பச்சையும் பழுப்புமாக ஒரு சரக்கு. அள்ளி அள்ளி வாளியில் போட்டார்கள். மூன்று வாளி நிரம்பியதும் நர்ஸ் அம்மா, "இந்தச் சின்ன மூக்குக்குள்ள இவ்வளவா!" என்று மயங்கி விழ, அவருக்கும் என் பக்கத்திலேயே ஒரு கட்டில் போட்டார்கள்.

இப்போது நான் பரம சௌக்கியம். காலையும் மாலையும் கொதித்து ஆறிய தண்ணீரில் பொட்டலத்து உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவுகிறேன். வலது பக்கம் விட்டால் இடது பக்கம் அருவியாகக் கொட்டுகிறது. பக்கத்து வீட்டார் துண்டோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். அப்புறம் ஸ்பிரே. அதையும் தவறுவதில்லை. மோப்ப சக்தியைக் கேட்காதே. மூன்று தெரு தள்ளி யாராவது காப்பியில் சர்க்கரை போட மறந்தால் எனக்கு இங்கே தெரிந்துவிடுகிறது. போலீஸிலிருந்து ஆள் வந்து, நாய்க்குப் பதிலாக வருகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என்ன மாமா, போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாரே என்று யோசிப்பாய். என் நாடக உடைக் கடையில் ராஜா அங்கிகளுக்குக் கஞ்சி போடும் தொட்டியில் என் கைபேசி விழுந்துவிட்டது. எடுத்துக் காயவைத்தேன். மொடமொடவென்று கம்பீரமாக நிற்கிறது. பேசத்தான் மாட்டேன் என்கிறது. அதனால் இனி நம் உறவு தபால்காரர் கையில்.

இப்படிக்கு,
இரு துவாரங்களின் ஏகபோக அதிபதி,
உன் மாமா

*

ஜூன் 17

மாமாவுக்கு,

அம்மா நலம். நான் நலமில்லை, எரிச்சலில் இருக்கிறேன்.

மூன்று வாளி இல்லை மாமா. ஒரு சின்னக் கிண்ணம். டாக்டர் வெளியே கொண்டுவந்து என்னிடம் காட்டினார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்த நர்ஸும் மயங்கவில்லை. மயங்க இருந்தது நான்தான்.

அந்தப் பெஞ்சில் டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை உங்களிடம் பலமுறை சொல்லிவிட்டேன். எழுத்தில் இருந்தாலாவது உங்கள் மண்டையில் ஏறுகிறதா பார்ப்போம். "காத்துல எங்க பார்த்தாலும் பூஞ்சை இருக்கும்மா. நாமெல்லாம் அதை இழுத்து விட்டுட்டுப் போயிடறோம். உங்க மாமா உடம்பு அதோட மல்லுக்கு நிக்குது. நான் சுத்தம் பண்ணினது சண்டை நடந்த இடத்தைத்தான். சண்டையை என்னால வெட்டி எடுக்க முடியாது." அதனால்தான் கழுவல். அதனால்தான் ஸ்பிரே. அதனால்தான், மூக்கு நன்றாக இருந்தாலும், அவர் கூப்பிடும்போதெல்லாம் போய்க் காட்டுவது.

இது உங்களுக்கு முதல் ஆப்பரேஷன் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது. அப்போதும் இதே புட்டி, இதே உப்பு, இதே சத்தியம். மூச்சு லேசானதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டினீர்கள். அது நிதானமாகத் திரும்பி வந்தது, எலும்பை நெருக்கியது, உங்கள் வலது கண்ணை வெளியே தள்ளியது. கடையில் ஒரு சிங்காசனம் இரண்டாகத் தெரிந்து, நீங்கள் நடுவில் உட்காரப்போய்த் தரையில் விழுந்தீர்கள். ஊரெல்லாம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

என் வேலையில் ஒன்று பார்த்திருக்கிறேன். நின்றுபோன லிஃப்டை ஓடவைத்தால் கட்டடமே கைதட்டும். மாதாமாதம் போய்க் கயிற்றைத் தடவிப் பார்த்து எண்ணெய் விட்டுவிட்டு வந்தால், "இந்தப் பொண்ணு எதுக்குச் சும்மா சும்மா வருது?" என்பார்கள். லிஃப்ட் விழாமல் இருப்பது அந்தச் சும்மாவில்தான்.

அப்புறம் கடை. நாடக உடை வாடகைக்கு விடும் கடையைத் தரைக்குக் கீழே வைத்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சுவர் வியர்க்கிறது. வெல்வெட்டில் பூசணம். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்த மூக்கை நேரே கொண்டுபோய் அதற்குள் வைத்திருக்கிறீர்கள். மாடி அறை காலியாக இருக்கிறது, கட்டடச் சொந்தக்காரரிடம் நானே பேசிவிட்டேன். நீங்கள் சரி என்றால் போதும்.

கழுவுகிறீர்களா? ஸ்பிரே அடிக்கிறீர்களா? டாக்டரிடம் போனீர்களா? ஒரு வார்த்தையில் பதில் போதும். அருவி, வாளி, போலீஸ் நாய் எதுவும் வேண்டாம்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 28

ஒரு வார்த்தையில் பதில் கேட்கும் கொடுங்கோல் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

அறுபது ராஜாக்களுக்கு அங்கி தரும் ஒருவனிடம் ஒரு வார்த்தை கேட்கிறாயே, உனக்கே நியாயமாக இருக்கிறதா? தும்முவதற்கே நான் மூன்று வார்த்தை முன்னுரை வைப்பேன்.

சரி, கேள். கழுவலைப் பற்றி நீயும் டாக்டரும் சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. காலையில் விட்ட தண்ணீர் அத்தனையும் அப்போதே வெளியே வந்துவிடும் என்றுதானே நினைக்கிறாய்? வராது. கொஞ்சம் உள்ளே ஏதோ மண்டபத்தில் பதுங்கிக்கொள்ளும். சமயம் பார்க்கும். போன வாரம் பெரிய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் வந்தார். ஆண்டு விழாவில் சக்கரவர்த்தியாக நடிக்கிறாராம். ஆறடி உயரம், சிரித்தே பழக்கமில்லாத முகம். நான் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் அங்கியின் கீழ் விளிம்பை அளக்கக் குனிந்தேன். கொட்டியது பார்! ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை. குளத்து மதகைத் திறந்தாற்போல், பளபளவென்ற அவருடைய கறுப்பு ஷூ இரண்டின் மீதும்.  என் கடைத் தையல்காரர் ஊசியை வாயில் வைத்தபடியே உறைந்து நின்றார். "சார், சக்கரவர்த்திகளுக்கு இங்க பாதாபிஷேகம் இலவசம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அங்கியை வேறு கடையில் எடுத்துக்கொண்டார்.

குனிவதுதான் என் தொழில், அம்மா. விளிம்பு, கால்சட்டை, செருப்பு, வாள் தொங்கும் வார், எல்லாமே கீழேதான். அதோடு இன்னொன்று. சாகும்வரை ஒரு மனிதன் இரண்டு வேளையும் மூக்கால் தண்ணீர் வாங்கி மூக்கால் விட வேண்டுமென்றால், அது வைத்தியமா, யானைக்குப் பயிற்சியா?

ஆனாலும் கழுவுகிறேன். சந்தேகப்படாதே.

டாக்டரிடமும் போனேன். குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மூக்கைப் பாடப் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன்" என்று கண் கலங்கினார். படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டப்போகிறாராம். திறப்பு விழாவுக்கு உனக்கும் அழைப்பு வரும்.

மாடி அறையில் வெயில் அடிக்கிறது. வெல்வெட்டுக்கும் வெயிலுக்கும் ஜென்மப் பகை. என் அங்கிகளின் மேல் பூசணம் என்று நீ எழுதியது ராஜத்துரோகம். அது பழம்பெருமை.

இப்படிக்கு,
பாடப் புத்தக மூக்கன்,
உன் மாமா

*

ஜூலை 5

மாமாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். வேலை அதிகம்.

இந்தத் தாளின் வலது கீழ்மூலையில் ஒன்று தடவியிருக்கிறேன். மூன்று தெரு தள்ளிச் சர்க்கரையை மோப்பம் பிடிக்கிறவருக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை. என்ன வாசனை என்று எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஜூலை 12

அன்பின் சிகரமே,

உன் கடிதத்தை உறையிலிருந்து எடுத்தேனோ இல்லையோ, கடையே கமகமத்துவிட்டது! வலது மூலையை மூக்கருகே கொண்டுபோனேன். ஆகா! முதலில் ரோஜா. அதன் பின்னால் ஓசைப்படாமல் சந்தனம். கடைசியில், யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தாயே, ஒரு துளி எலுமிச்சை. நீ எவ்வளவு கோபமாக எழுதினாலும் உள்ளே இருப்பது இந்த மணம்தான் என்று எனக்குத் தெரியாதா? தையல்காரரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். மனுஷன் ஒன்றும் பேசாமல் என்னையே ஒரு மாதிரி பார்த்தார். ஆனந்த அதிர்ச்சி. வாயடைத்துவிட்டது.

அந்தத் தாளைக் கிரீடப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கிரீடங்களெல்லாம் இனி உன் பாசத்தால் மணக்கட்டும்.

இப்படிக்கு,
நறுமணச் சக்கரவர்த்தி,
உன் மாமா

*

ஜூலை 18

மாமா,

பூண்டு.

இரண்டு பல் பூண்டை நசுக்கி அழுத்தித் தேய்த்தேன். தபால் பெட்டியில் போடும்முன் என் பக்கத்தில் நின்றவர் நகர்ந்து நின்றார். தையல்காரர் உங்களை ஏன் அப்படிப் பார்த்தார் என்று இப்போதாவது புரிகிறதா? கிரீடங்களை எடுத்து வெளியே வையுங்கள். அவற்றை வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு மூக்கு இருக்கும்.

மருத்துவமனையில் கேட்டேன். ஆப்பரேஷன் முடிந்து முதல் தடவை காட்டியதோடு சரி, அப்புறம் நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு தடவை நாள் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் தடவை உங்களுக்கு வெளியூரில் பட்டாபிஷேகமாம். இரண்டாம் தடவை நீங்கள் இறந்துவிட்டதாக உங்கள் குரலிலேயே யாரோ சொன்னார்களாம்.

கஞ்சியில் விழுந்த கைபேசியையும் விடமாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை தையல்காரரின் எண்ணுக்கு அடித்தேன். எடுத்து, என் குரல் கேட்டதும், "ராக் டப்பர்" என்று சொல்லி வைத்தது யார்? மூக்கு திறந்திருக்கிற மனிதர் "ராங் நம்பர்" என்பார் மாமா. நீங்கள் ஏன் கடிதம் எழுத ஆரம்பித்தீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. கையெழுத்துக்குச் சளி பிடிக்காது.

நான் உங்களைத் திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது. உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு ஸ்கேன் படத்தைக் காட்டினார். கண்ணுக்கும் அந்தச் சரக்குக்கும் நடுவில் இருக்கிற எலும்பு முட்டை ஓடு மாதிரி இருந்தது. மேலே மூளைப் பக்கமும் அப்படியே. "கவனமாத்தான் செய்வேன். ஆனா சொல்ல வேண்டியது என் கடமை" என்றார். பார்வை போகலாம் என்பது அவர் சொன்ன ஆபத்துகளில் ஒன்று. நீங்கள் அந்த நேரத்தில் வெளியே வார்டு பையனுக்கு ராஜநடை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தின தடவை அம்மா போட்டாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தாள்.

மூன்றாம் தடவை நாங்கள் இருவருமே வரமாட்டோம். கோபத்தில் சொல்லவில்லை. வர முடியாது, அவ்வளவுதான். உங்களுக்கு வேடிக்கையாக இருப்பது எங்களுக்கு அந்தப் பெஞ்ச்.

இனி நான் எழுதமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

மருமகள்

*

ஜூலை 27

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத வேண்டாம் என்றாய், எழுதிவிட்டேன். அரச குலத்துக்குச் சொன்ன பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லை.

பூண்டு என்று தெரிந்தும், உன் மனம் நோகக் கூடாதே என்றுதான் ரோஜா என்று எழுதினேன் என்று சொன்னால் நம்புவாயா? நம்பமாட்டாய். எனக்கே நம்பிக்கையில்லை.

வலது கண் ஓரத்தில் லேசாக அழுத்துகிறது. தூசியாக இருக்கும். கடையில் தூசிக்கா பஞ்சம்?

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். எடுத்துக்கொள்வாளோ, திருப்பி அனுப்புவாளோ.

உன் மாமா

*

ஆகஸ்ட் 16

மருமகளே,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தினமும் வாசலில் நின்று தபால்காரரை மறித்ததில், இப்போது என்னைக் கண்டாலே மனுஷன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடுகிறார். அந்தத் தெருக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதமாகக் குவிகிறதாம். அத்தனையும் எங்கள் தெருவுடையது.

நடந்ததைச் சொல்கிறேன். நீ படிக்காமல் கிழித்தாலும், கிழிக்கும்போது இரண்டு வரியாவது கண்ணில் படும் அல்லவா.

செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு எழுந்தருளினேன். சட்டையெல்லாம் துவைக்கப் போட்டிருந்ததால் சக்கரவர்த்தி அங்கியிலேயே புறப்பட்டேன். பேருந்தில் கண்டக்டர் எழுந்து நின்று, "மன்னா, சில்லறை இருக்கா?" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வாளுக்குப் பதில் குடையை உருவி மரியாதை செய்தார். வரிசையில் இருந்த இருமல்காரர்களெல்லாம் இருமலை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். டாக்டர் குழாயை உள்ளே விட்டதும் என் மூக்கிலிருந்து பீரங்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். மூன்றாம் மாடியில் பிரசவம் சுலபமாக நடந்ததாம். பிள்ளைக்கு என் பெயரை வைக்கிறார்களாம். குழாய் முதல் மண்டபம் தாண்டி, இரண்டாம் மண்டபம் தாண்டி, மூன்றாம் மண்டபத்தில் நுழைந்தபோது அங்கே பூஞ்சையரசன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து வெற்றி முரசு கொட்டிக்கொண்டிருந்தானாம். டாக்டரைக் கண்டதும், "இந்த ஆளே எனக்கு இடம் கொடுத்தாரு, நீ யாரு கேக்க?" என்றானாம்.

அங்கே கதை கொஞ்சம் தடுக்கி விழுந்தது. ஏனென்றால் டாக்டர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். விளக்கை அணைத்து ஓரமாக வைத்தார்.

"திரும்ப வந்திருக்கு" என்றார்.

"எவ்வளவு தூரம்?"

"கண் பக்கம் அழுத்த ஆரம்பிச்சிருக்கு. தாண்டல. இப்ப வந்தீங்க, அதனால கத்தியில்லாம பார்க்கலாம். பொங்கலா தீபாவளியான்னு நாள் பார்த்து வந்திருந்தீங்கன்னா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

உட்காரவைத்தே உறிஞ்சு குழாயால் முடிந்ததை எடுத்தார். ராஜாக்கள் அழமாட்டார்கள், கண்ணில் தண்ணீர் வந்தது வேறு விஷயம். மாத்திரை கொடுத்திருக்கிறார், படிப்படியாகக் குறைக்க வேண்டியது. நானாக நிறுத்தினால் காலை உடைப்பேன் என்றார். இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். இதை நான் சொன்னால் உனக்கு நம்பிக்கை வராது. அவரையே கேட்டுக்கொள்.

கிளம்பும்போது நர்ஸிடம் தலைமையாசிரியர் ஷூ கதையைச் சொன்னேன், அதனால்தான் கழுவலை விட்டேன் என்று. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "கழுவி முடிச்சதும் நல்லா குனிஞ்சு, தலையை இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் சாய்ச்சு நில்லுங்க சார். தங்கினது அங்கேயே வடிஞ்சிடும். மெதுவா சிந்துங்க. அப்புறமா கடைக்குப் போங்க" என்றார். அவ்வளவுதானாம். "இதுக்காகவா நிறுத்தினீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார். ஒரு வார்த்தை! உன் கட்சி அங்கேயும் இருக்கிறது.

மாடி அறைக்குச் சாமான் ஏற்றிய கதையைக் கேள். அறுபது ராஜாக்களும் சொந்தக் காலில் படியேறினார்கள். தாடிகளும் மீசைகளும் பறந்து போயின. போக்குவரத்துப் போலீஸ்காரர் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, கிரீடங்களுக்குச் சல்யூட் அடித்தார். உண்மையில் இதுவரை ஏறியது இரண்டு பீரோ. மீதியைத் தையல்காரர் முனகிக்கொண்டே ஏற்றுகிறார், நான் பின்னால் நின்று கட்டளையிடுகிறேன். வெயிலில் விரித்துப் பார்த்தபோது பழம்பெருமை பச்சையாகத்தான் இருக்கிறது.

வாசனை இன்னும் வரவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

சரி, என் புளுகை நானே அவிழ்த்துவிடுகிறேன், நீ சிரமப்பட வேண்டாம். சக்கரவர்த்தி அங்கி பொய்; பழைய நீலச் சட்டை. குடைவீரன் பொய். இருமல்காரர்கள் வழிவிடவில்லை, ஒருவர் என் மேலேயே இருமினார். பீரங்கி பொய். மூன்றாம் மாடியில் பிரசவ வார்டே கிடையாது. பூஞ்சையரசன் பேசவில்லை.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்களா சார்? கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள். என் முதுகுக்குப் பின்னால் உன்னைத் தேடினாள். நானும் பழக்க தோஷத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

"யாரும் வரல. நானேதான் வந்தேன்" என்றேன்.

நான் எழுந்தருளிய கதையில் இந்த ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

மாமா